திரையரங்கு ஆர்கனும் திருச்சபையின் செவியும்

ஆராதனை இசையைப் பற்றி எழுதும் மேல்நாட்டு ஆசிரியர் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆர்கன் வாசிப்பில் எது கூடாது என்று கூற வரும்போது, திரையரங்கு ஆர்கனைச் சுட்டிக்காட்டி விஷயத்தை முடித்துவிடுவார்கள். மேலும் விளக்கம் தேவையில்லை என்பது அவர்கள் எண்ணம். நம் இறையியல் மாணவரும் அதனை அவ்வாறே ஏற்றுத் தேர்வுத்தாளில் எழுதிவிடுகின்றனர். அத்தீர்ப்பு சரியா, தவறா என்பது ஒருபுறமிருக்க, தீர்ப்பிடப்பட்டதைக் காதால் கேட்டவர் எத்தனை பேர் என்று வினவத் தோன்றுகிறது.

கேளாதோர்க்கு ஒரு சிறு அறிமுகம் வேண்டும். பேசும் படம் தோன்றுமுன் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மௌனப் படங்களுக்கான இசை அரங்கிலேயே வாசிக்கப்பட்டது. சிற்றரங்குகளில் பியானோ, பேரரங்குகளில் வாத்தியக் குழு. ஒரு குழு முழுமைக்கும் ஊதியம் கொடுப்பதைவிட, ஒருவரே அமர்ந்து குழுவின் ஒலிகளையெல்லாம் எழுப்பக்கூடிய கருவியொன்றை நிறுவுவது ஆதாயம் என்று அரங்க உரிமையாளர்கள் கண்டனர். அவ்வாறு பரவியதே திரையரங்கு ஆர்கன். வுர்லிட்சர் நிறுவனம் மட்டுமே 2,000-க்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்து அனுப்பியது. குழல்கள் மேடையருகே தனி அறைகளில் மறைந்திருக்கும். குதிரை லாடம்போல் வளைந்த வாசிப்பு மேசை, வண்ண வண்ண ஸ்டாப் தகடுகளுடன், தரைக்குக் கீழிருந்து மின்தூக்கியில் எழும்பி வரும். முரசு, தாளத்தட்டு, மணி, பறவைக் குரல், மோட்டார் ஹாரன் ஆகியவைகூட அந்த மேசையிலிருந்தே இயக்கப்பட்டன. இந்தக் கடைசி அம்சமே ஏளனத்திற்கு இடங்கொடுத்தது. ஆயினும் அது கருவியின் ஓரமேயன்றி நடுவன்று.

இக்கருவியை வடிவமைத்தவர் யார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் (1859-1914) இங்கிலாந்தில் தொலைபேசித் துறைப் பொறியாளர். பர்க்கன்ஹெட் நகரத்துத் தூய யோவான் ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர். 1880-களில் அவ்வாலயத்து ஆர்கனுக்குத் தொலைபேசித் தொழிலின் அறிவைக் கொண்டு மின்சார இணைப்பு அமைத்தார். வாசிப்பு மேசையைக் கம்பியின் நீளத்திற்கு எங்கு வேண்டுமாயினும் கொண்டு செல்லலாம். கல்லறைத் தோட்டத்திலேகூட வைத்து வாசிக்கலாம். 1896-இல் உஸ்டர் பேராலயத்திற்கு ஆர்கன் அமைத்தவரும் அவரே. 1903-இல் அமெரிக்கா சென்றார். 1908-இல் நியூ ஜெர்சியின் ஓஷன் குரோவ் என்னுமிடத்தில், மெதடிஸ்த கூடாரக் கூட்டங்களுக்கான பெரிய மண்டபத்தில் அவர் அமைத்த ஆர்கனே திரையரங்கு ஆர்கனுக்கு முன்னோடி எனக் கொள்ளப்படுகிறது. அதாவது, எழுப்புதல் பிரசங்கம் கேட்க வந்த மக்கள் கேட்ட ஒலியே பின்னர்ப் படம் பார்க்க வந்த மக்களுக்கும் கேட்டது. அவருடைய நிறுவனம் நொடித்தது. 1910-இல் அதனை வுர்லிட்சர் வாங்கிக்கொண்டது. தம் கண்டுபிடிப்புகள் பிறர் கையில் செழிப்பதைக் கண்ட அம்மனிதர் 1914-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். (அவருடைய ‘டயாஃபோன்’ என்னும் குழலமைப்பு, கப்பல்களை மூடுபனியில் எச்சரிக்கும் ஊதுகுழலாக மாற்றப்பட்டுக் கலங்கரை விளக்கங்களில் நெடுங்காலம் ஒலித்தது. ஆலய இசையிலிருந்து கடற்கரைக்குப் போன அதனை எவரும் சீர்கேடு என்று சொல்லவில்லை!)

ஆகவே, திரையரங்கு ஆர்கன் உலகத்திலிருந்து திருச்சபைக்குள் நுழைய முயன்ற அந்நியன் அன்று. ஆலயத்திலிருந்து வெளியே சென்ற பிள்ளை.

இனி, குற்றச்சாட்டின் சாரத்தைப் பார்ப்போம். ஆலய ஆர்கனின் குழல்கள் பெரும்பாலும் மூன்று நான்கு அங்குல நீரழுத்தத்தில் ஒலிப்பவை. திரையரங்கு ஆர்கனில் அது 10 அங்குலமும் அதற்கு மேலும். ஒரே குழல் வரிசையைப் பல சுருதி நிலைகளிலும் பல கட்டை வரிசைகளிலும் பயன்படுத்துவது ஹோப்-ஜோன்ஸின் சிக்கன முறை. இதனால் சில குழல்களைக் கொண்டு பெருங்கருவியின் தோற்றம் கிடைக்கும். ஆனால் நெருக்கமான பல்குரல் இசையில் இரண்டு குரல்கள் ஒரே குழலைக் கேட்டு நிற்க, ஒன்று காணாமற்போய்விடும். பாக் போன்றோரின் இசை இதில் மெலிவது இதனாலேயே. மூன்றாவதும் முக்கியமானதும் டிரெமுலண்ட். காற்றோட்டத்தைச் சீராக அலைக்கழித்து ஒலியை நடுங்கச் செய்யும் சாதனம் அது. ஆலய ஆர்கனில் இலேசாக, அருமையாகப் பயன்படும் இந்த நடுக்கம், திரையரங்கு ஆர்கனில் ஏறத்தாழ ஓயாது இயங்கும். டிபியா எனப்படும் மரக்குழலும், மனிதக் குரலைப் பாவிக்கும் வாக்ஸ் ஹ்யூமானாவும் சேர்ந்து நடுங்கும்போது எழும் அழுகை கலந்த இனிமையே அக்கருவியின் அடையாளம்.

இவ்வொலி சபையாரின் பாடலுக்கு ஆகாது என்பதில் ஐயமில்லை. சுருதி நிலையாக நில்லாத ஒலியின்மீது இருநூறு பேர் தங்கள் குரலை நிறுத்த இயலாது. ஆனால் இது பயனைப் பற்றிய தீர்ப்பு, பரிசுத்தத்தைப் பற்றியதன்று. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, அனுமதிக்கப்பட்டதையும் தகுதியானதையும் பிரித்துக் காட்டுகிறார். நம் இசை விமரிசகரோ, தகாதது என்று சொல்லவேண்டிய இடத்தில் தீட்டு என்று சொல்லிவிடுகின்றனர். தகாதது என்று சொல்பவர் காரணம் காட்டவேண்டும். தீட்டு என்று சொல்பவர்க்கு அந்தத் தொல்லையில்லை. நான் ஆட்சேபிப்பது இதனையே.

கலைஞர்களிடம் வருவோம். ஃபாட்ஸ் வாலர் (1904-1943) நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு பிரசங்கியாரின் மகன். சிறுவயதில் தந்தையின் கூட்டங்களில் ஆர்மோனியம் வாசித்தவர், பதின்ம வயதிலேயே லிங்கன் திரையரங்கின் ஆர்கனிஸ்டானார். மகனுடைய ஜாஸ் இசையைத் தந்தை சாத்தானுக்குரியதாகவே கண்டார். 1926-இல் விக்டர் நிறுவனத்திற்காக வாலர் ஆர்கன் வாசித்துப் பதிவு செய்த இடம் எது தெரியுமா? நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் அந்நிறுவனம் விலைக்கு வாங்கியிருந்த ஒரு பாப்திஸ்து ஆலயக் கட்டடம்! குழல் ஆர்கன் தாளத்திற்கு எளிதில் வளைந்து கொடுப்பதன்று. கட்டையை அழுத்தியபின் சற்றுத் தாமதித்தே ஒலிக்கும். அழுத்தம் கூட்டினாலும் ஒலி கூடாது. வாலரோ ஸ்வரங்களைத் துண்டித்துத் துண்டித்து, ஒலிகளுக்கிடையேயுள்ள மௌனத்தைக் கொண்டே தாளத்தை உண்டாக்குகிறார். இதை விளையாட்டு என்று எண்ணுவோர் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

ஜெஸ்ஸி கிராஃபோர்ட் (1895-1962) வேறு வகையினர். அநாதை இல்லத்தில் வளர்ந்த இவர், 1921-இல் சிக்காகோ திரையரங்கிலும் 1926 முதல் நியூயார்க் பாரமவுண்ட் அரங்கிலும் வாசித்து, ஆர்கனின் கவிஞர் என்று பெயர் பெற்றார். படத்திற்குப் பின்னணியாக அன்றி, ஒளிவட்டத்தின் நடுவில் தனிக் கலைஞராகவே மக்கள் இவரைக் கண்டனர். இவருடைய காதற்பாடல் பதிவுகளில் இனிப்பு மிகுதி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூர்ந்து கேட்பவருக்கு மற்றொன்று புலப்படும். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லும் அழகை எங்கே நிறுத்துவது என்று அவர் அறிந்திருந்தார். மூன்று நிமிட இசைத்தட்டில் ஒலிவண்ணத்தை அளந்து மாற்றுகிறார். ஒன்றையும் இரைத்துக் கொட்டுவதில்லை. அவரைப் பின்பற்றியோர் நடுக்கத்தை எடுத்துக்கொண்டனர், அடக்கத்தை விட்டுவிட்டனர்.

பிளாக்பூல் டவர் நடன மண்டபத்தில் 1930 முதல் 1970 வரை வாசித்த ரெஜினால்ட் டிக்ஸனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இசையில் ஆழம் தேடுவோர் ஏமாறுவர். ஆனால் ஆயிரக்கணக்கான தொழிலாளர் தம் விடுமுறையில் நடனமாடத் தாளம் பிசகாது நாற்பதாண்டு வாசித்த கை அது.

1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ திரைப்படம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் அரங்குகள் ஆர்கனிஸ்டுகளை வீட்டுக்கு அனுப்பின. ஆயினும் அந்த ஒலி அழியவில்லை. 1935-இல் லாரன்ஸ் ஹாமண்ட் தம் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை குறைவு என்பதால் ஆலயங்கள் அதனை ஏராளமாக வாங்கின. அதன் ஒலி வறண்டிருக்கிறதென்று கண்ட டான் லெஸ்லி என்பவர், திரையரங்கு ஆர்கனின் நடுக்கத்தை மீட்கும் நோக்கத்துடன் சுழலும் ஒலிபெருக்கியைச் செய்தார். ஹாமண்டுக்கு அது பிடிக்கவில்லை; கறுப்பின அமெரிக்கத் திருச்சபைகளுக்கு மிகப் பிடித்தது. அவர்களுடைய சுவிசேஷ இசையில் இன்று நாம் ஆவிக்குரிய உருக்கம் என்று உணரும் அந்த ஒலி, கொட்டகையில் பிறந்ததென்று நாம் இகழ்ந்த அதே நடுக்கமே. நம் சபைகளில் வாசிக்கப்படும் எலக்ட்ரானிக் கீபோர்டுகள் பலவற்றிலும் சுழல் ஒலிபெருக்கியைப் பாவிக்கும் ஆர்கன் ஒலி ஒன்று இருக்கும். அதை எழுப்பிக்கொண்டே திரையரங்கு ஆர்கனைக் கண்டிப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

இத்துறையில் நான் மிக மதிக்கும் பெயர் குவென்டின் மக்லீன் (1896-1962). 1912 முதல் 1914 வரை லைப்சிக் நகரில் மாக்ஸ் ரேகரிடமும், பாக் ஊழியஞ்செய்த தூய தோமா ஆலயத்தின் அந்நாளைய ஆர்கனிஸ்டு கார்ல் ஸ்ட்ரௌபேயிடமும் பயின்றவர். போர் மூண்டபோது பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் ரூலேபன் முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலைக்குப்பின் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் உதவி ஆர்கனிஸ்டு. 1921 முதல் திரையரங்கு. 1930-இல் திறக்கப்பட்ட ட்ரோகடெரோ அரங்கில், ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்ட வுர்லிட்சர்களில் மிகப் பெரியதை வாசித்தார்: நான்கு கட்டை வரிசைகள், 21 குழல் வரிசைகள். படிப்பை வீணாக்கினார் என்று இரங்கியோர் இருந்திருக்கலாம். அவர் வாசிப்பில் அதற்கான சான்று எனக்குக் கிட்டவில்லை. எளிய மெட்டுகளிலும் உட்குரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாக நடக்கின்றன. அது ஸ்ட்ரௌபேயின் வீட்டுப் பழக்கம். 1939-இல் கனடா சென்றார். டொரண்டோவில் ஷேயின் ஹிப்போட்ரோம் என்ற அரங்கில் வாசித்த காலத்திலேயே, 1940 முதல் தம் மரணம் வரை, ஹோலி ரோசரி ஆலயத்தின் ஆர்கனிஸ்டாகவும் இருந்தார். வாரநாட்களில் நடுங்கும் டிபியாவும் ஞாயிறுகளில் அசையாத டயபேசன் ஒலியும் அவருக்கு முரண்படவில்லை; எங்கே எது தகும் என்பது மட்டுமே அவருக்குக் கேள்வி.

இவர்களுடைய பழைய இசைத்தட்டுப் பதிவுகள் இப்பொழுது இணையத்தில் எளிதிற் கிடைக்கின்றன. ஆராதனை இசை வகுப்பிற்கு வருவோர் முதலில் வாலரின் கேம்டன் பதிவுகளையும், பின்பு மக்லீனையும் கேட்டுவிட்டு வரட்டும். கிராஃபோர்டை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.