காணாத ஆலையின் காற்றைக் கணக்கிடுபவர்கள்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் வேலை பார்க்கும் வேதிப்பொறியாளர்கள் சிலருக்கு அபூர்வமான பொறுப்பு ஒன்று உண்டு. இன்னும் சந்தைக்கே வராத ஒரு வேதிப்பொருளைக் கையாளப்போகும் தொழிலாளி, அதை ஒரு நாளில் எத்தனை மில்லிகிராம் சுவாசிப்பார், அவர் கைகளில் எவ்வளவு ஒட்டும் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். 1976-இல் இயற்றப்பட்ட நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, புதிய வேதிப்பொருளைத் தயாரிக்க விரும்பும் நிறுவனம் 90 நாட்களுக்கு முன்பே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பொருள் எவ்வளவு கொடியது என்பதை நச்சியல் அறிஞர் பார்ப்பார். உடம்புக்குள் எவ்வளவு போகும் என்று சொல்வது பொறியாளரின் வேலை.

இப்படி ஒரு கேள்வியை முன்னதாகக் கேட்பதே பெரிய காரியம் என்பதற்கு, கேட்காமல் விட்ட இடமே சாட்சி. 2000-ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தின் ஜாஸ்பர் ஊரில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை செய்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்ணிய காற்றுக்குழாய்கள் தழும்பேறி அடைபட்டிருப்பதாக மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் வந்தது. தேசியத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஆலைக்குள் போய் அளந்தது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல்தான் முதன்மைச் சந்தேகத்துக்கு உள்ளானது. அது சாப்பிடத் தீங்கற்றது என்று ஏற்கப்பட்டிருந்த பொருள். சுவாசித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த ஏற்பில் இடம்பெறவில்லை. உணவில் சேர்க்கும் பொருள்கள் 1976 சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருப்பவை. ஆகவே எந்தப் பொறியாளரின் மேசைக்கும் அது போகவில்லை. போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? டைஅசிட்டைலின் கொதிநிலை 88 டிகிரி செல்சியஸ். சூடான எண்ணெய்த் தொட்டியில் அதை ஊற்றினால் ஆவி எழும், அந்த ஆவி தொட்டியருகே நிற்பவரின் மூக்குக்குத்தான் முதலில் போகும் என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். கலக்குபவர்கள் மட்டுமல்ல, தரம் பார்ப்பதற்காக ஒரு ஷிஃப்டுக்கு நூறு பொட்டலம் வரை பொரித்துப் பிரித்த தொழிலாளர்களும் அங்கே பாதிக்கப்பட்டார்கள். பிறகு மாற்றாக வந்த 2,3-பென்டேன்டயோனும் அதே வகைத் தீங்கைக் காட்டியது. 2016-இல் நியோஷ் பரிந்துரைத்த டைஅசிட்டைல் வரம்பு, காற்றில் நூறு கோடிப் பங்குக்கு 5 பங்கு.

சரி, அந்தத் தாளில் என்னதான் எழுதுகிறார்கள்? தொழிலாளி மணிக்கு 1.25 கனமீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார், எட்டு மணி நேரத்தில் 10 கனமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். டிரம்மில் திரவம் நிரப்பும்போது வெளியேறும் ஆவியை, அப்பொருளின் ஆவியழுத்தத்தைக் கொண்டு கணிக்கிறார்கள். அந்த ஆவி அறைக் காற்றில் எவ்வளவு நீர்த்துப்போகும் என்பதற்கு இரண்டு அனுமானங்கள். வழக்கமான அறை என்றால் காற்றோட்டம் நிமிடத்துக்கு 3,000 கன அடி, காற்று எவ்வளவு நன்றாகக் கலக்கிறது என்பதைக் குறிக்கும் கலப்புக் காரணி 0.5. மோசமான அறை என்றால் 500 கன அடி, 0.1. பெருக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே 30 மடங்கு வேறுபாடு. அதே பொருள், அதே டிரம், அதே கை. ஜன்னலும் மின்விசிறியும் எப்படி இருக்கும் என்ற ஊகத்தில் மட்டும் முடிவு 30 மடங்கு நகர்கிறது.

இதைக் காட்டி, அரசுப் பொறியாளர்கள் எப்போதும் மிகைப்படுத்துகிறார்கள் என்று தொழில்துறை குறைசொல்கிறது. இந்தக் குறையை நான் ஏற்கவில்லை. பல நிறுவனங்கள் நச்சுச் சோதனை முடிவு எதையும் இணைக்காமலே விண்ணப்பிக்கின்றன; சட்டமும் முன்கூட்டிய சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. தெரியாத இடத்தில் தவறு நேர்ந்தே தீரும் என்றால், அது தொழிலாளியின் பக்கம் சாய்ந்து நேரட்டும். உண்மையான பலவீனம் இதற்கு நேரெதிர்த் திசையில் இருக்கிறது. சில இடங்களில் இந்தக் கணக்கு போதிய எச்சரிக்கை இல்லாதது.

தூள் பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு தரவு கிடைக்காதபோது, தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா பொதுத் தூசிக்கு விதித்த வரம்பு கடைப்பிடிக்கப்படும் என்று எடுத்துக்கொள்ளும் கணிப்பு முறை ஒன்று உண்டு. கனமீட்டருக்கு 15 மில்லிகிராம், பத்துக் கனமீட்டருக்கு நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் என்று விடை வந்துவிடும். மூட்டையைக் கிழித்துக் கலவைத் தொட்டியில் கொட்டும் அந்தச் சில நிமிடங்களை இந்த விடை அளக்கவில்லை. சட்டம் மீறப்படாது என்ற நம்பிக்கையை எண்ணாக மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். ஓஷாவின் வரம்புகளில் பெரும்பாலானவை 1968-ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து 1971-இல் எடுத்தாளப்பட்டவை. 1989-இல் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு அவற்றைப் புதுப்பிக்க முயன்றார்கள். 1992-இல் நீதிமன்றம் அந்த முயற்சியை ரத்துசெய்தது.

முகமூடி விஷயமும் இப்படித்தான். வடிகட்டியுள்ள அரைமுகக் கவசம் அணிந்தால் உள்ளே போகும் அளவு பத்தில் ஒன்றாகக் குறையும் என்பது ஓஷாவின் கணக்கு. ஆனால் அது முகத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும், ஆண்டுதோறும் பொருத்தச் சோதனை நடக்க வேண்டும், தாடி இருக்கக் கூடாது. வெக்கையில் எட்டு மணி நேரம் அதைப் போட்டிருப்பது எவ்வளவு சிரமம் என்பது போட்டவர்களுக்குத் தெரியும். 2021-இல் சுற்றுச்சூழல் முகமை, தொழிலாளிகளுக்கு எப்போதும் போதிய கவசம் கிடைக்கிறது, அவர்கள் அதைச் சரியாக அணிகிறார்கள் என்ற அனுமானத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் பொறியாளரின் சமன்பாட்டில் ஒரு எழுத்தும் மாறாமல் இறுதித் தீர்ப்பு மட்டும் மாறியது. முகமூடிக்குள் போகும் அளவைப் பத்தால் வகுப்பதா இல்லையா என்பதை மேலிடத்துக் கொள்கை தீர்மானிக்கிறது என்றால், அடுத்த ஆட்சியில் அது மறுபடியும் மாறலாம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் வருத்துவது, இந்தக் கணிப்பு பெரும்பாலும் திரும்பிச் சரிபார்க்கப்படுவதே இல்லை என்பது. அனுமதி கிடைத்து உற்பத்தி தொடங்கினால், தொடங்கிவிட்டோம் என்று நிறுவனம் 30 நாட்களுக்குள் ஒரு அறிவிப்பு அனுப்பும். ஆலைக் காற்றில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்பது அதில் இருக்காது. ஆலைக்கு வெளியே நிலைமை வேறு. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது; அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையிலும் கசிவு. இவற்றின் விளைவாக 1986-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, ஆலைகள் ஆண்டுதோறும் காற்றிலும் நீரிலும் விடும் நச்சுப்பொருள்களின் அளவைப் பொதுவில் அறிவிக்கவைத்தது. வேலிக்கு வெளியே போவதைப் பற்றிய கணிப்புகளை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட முடிகிறது. வேலிக்கு உள்ளே நிற்பவரின் மூச்சுக்கு அப்படியொரு பதிவேடு கிடையாது. இத்தனைக்கும் பல நிறுவனங்கள் அளக்கத்தான் செய்கின்றன. அந்த அளவீடுகளை 30 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும் என்பது ஓஷாவின் விதி. தனியாகக் கேட்டு வாங்கினாலொழிய அவை கணித்தவரின் கைக்கு வருவதில்லை.

கேட்டு வாங்க முடியாததல்ல இது. சில புதிய பொருள்களுக்கான ஒப்பந்த ஆணைகளில் முகமையே காற்று வரம்பு விதித்து, அளக்கவும் சொல்லியிருக்கிறது. மெத்திலீன் குளோரைடுக்கு ஓஷா 1997-இல் வைத்த வரம்பு, பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கு. 2024-இல் முகமை 2 என்ற தனி வரம்பை வைத்து, தொடர்ந்து பயன்படுத்த அனுமதி பெற்ற இடங்கள் காற்றை அளக்க வேண்டும் என்றும் விதித்தது. தொழிலாளி கையாளும் ஒவ்வொரு புதிய பொருளுக்கும் முதல் ஆண்டில் ஒருமுறையாவது இதைக் கேட்கலாம். செலவு பிடிக்கும்தான்: சட்டைக் காலரில் மாட்டும் உறிஞ்சிக்குழாயும் பம்ப்பும் வேண்டும், ஆய்வகக் கட்டணம் உண்டு, புத்தம்புதிய பொருளுக்கு அளவீட்டு முறையே இல்லாமலும் இருக்கலாம். தூளாக இருந்தால் மொத்தத் தூசியை எடைபோட்டாவது அனுப்பட்டும். திரவமாக இருந்தால் அந்த அறையின் காற்றோட்ட அளவையாவது அனுப்பட்டும். 30 மடங்கு இடைவெளியில் தன் கணக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று பொறியாளர் தெரிந்துகொள்ள அதுவே போதும்.