உள்ளுறுதிக்கு எவ்வளவு எடை?

பிரான்சில் கொலை போன்ற கொடுங்குற்றங்களை விசாரிப்பது அசைஸ் நீதிமன்றம். அங்கே ஜூரிகள் கூடிப் பேசும் அறையில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில், ஒரு சட்ட வாசகத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது விதி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 353-ஆம் பிரிவில் வருவது அது. எந்த வழியாக இந்த நம்பிக்கைக்கு வந்தீர்கள் என்று சட்டம் உங்களிடம் கணக்குக் கேட்காது. இத்தனை சாட்சி இருந்தால்தான் நம்பலாம் என்றும் சொல்லாது. அமைதியாக இருந்து உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள். உள்ளூர உறுதி உண்டா, இல்லையா? அதன் சாரம் இவ்வளவுதான். பிறகு ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்வை படாமல் முத்திரையிட்ட சீட்டில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதி, மடித்து, தலைமை நீதிபதியிடம் கொடுக்கிறார்கள். வெற்றுச் சீட்டு வந்தால் அது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகக் கணக்காகும். எண்ணி முடித்த கையோடு சீட்டுகளை எரித்துவிடுகிறார்கள்.

அறிவைப் பற்றிய ஒரு மெய்யியல் கொள்கை இவ்வளவு பச்சையாகச் சட்டமாக எழுதப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. வெறும் நம்பிக்கைக்கும் அறிவுக்கும் நடுவே என்ன வேண்டும் என்பது பழைய கேள்வி. நம்புகிறவரின் மனத்துக்குள் இருப்பவை, அவர் உள்நோக்கிப் பார்த்தால் அவருக்கே தெரிபவை, அவைதான் நம்பிக்கைக்கு நியாயம் கொடுக்கும் என்று சொல்பவர்களை அகவாதிகள் எனலாம். அந்த நம்பிக்கை உருவான வழி உண்மையில் நம்பகமானதுதானா என்பதே முக்கியம், அது அவருக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பவர்கள் புறவாதிகள். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் இது முடியாத வழக்கு. நீதிமன்றத்திலோ யாராவது சிறைக்குப் போகிறார்கள், அல்லது வீட்டுக்குப் போகிறார்கள். ஆகவே உள்ளுறுதியை எடைபோட நீதிமன்றத்தை விட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.

‘மனச்சாட்சியைக் கேள்’ என்பதை இன்று படிக்கும்போது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது போலத் தோன்றும். 1791-இல் பிரெஞ்சுப் புரட்சியின் அரசியல் நிர்ணய சபை இதைக் கொண்டுவந்தபோது அது பெரிய விடுதலையாக இருந்தது. அதற்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் செல்லுபடியானது எண்ணிக்கை முறை. ஒருவருக்கு மரண தண்டனை விதிக்க, கண்ணால் கண்ட, குறைசொல்ல முடியாத இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொல்ல வேண்டும். இல்லையேல் குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சாட்சி என்றால் அரைச் சான்று. சூழ்நிலைச் சான்றுகள் எவ்வளவு குவிந்தாலும் முழுமையாகா. நீதிபதி என்ன நினைக்கிறார் என்பதற்கு அங்கே இடமில்லை. நீதிபதியின் தன்னிச்சைக்குக் கடிவாளம் போடத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் கொலைகாரர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கொலை செய்வதில்லை. ஆகவே மிஞ்சியது ஒப்புதல் வாக்குமூலம்; அதைப் பெறச் சித்திரவதை. அரைச் சான்றை முழுச் சான்றாக்கும் கருவியாகவே சித்திரவதை சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

1762 மார்ச் 10 அன்று துலூஸ் நகரத்தில் துணி வணிகர் ழான் கலா, பெற்ற மகனையே கொன்றதாகத் தீர்ப்பாகி, சித்திரவதைக்குப் பின் சக்கரத்தில் கட்டி எலும்புகள் நொறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாண்டு கழித்து, 1765-இல், அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். இந்த வழக்கைக் கையிலெடுத்த வால்தேர், துலூஸ் நீதிபதிகள் கால் சான்று, அரைக்கால் சான்று என்று வதந்திகளைக் கூட்டிக் கணக்குப் போட்டார்கள் என்று கிண்டல் செய்தார். உள்ளே இருக்கும் மனிதனை வெளியேற்றிவிட்டுப் புற அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டால் அறிவு தூய்மையாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் காலகட்டத்தைப் படிக்கக் கொடுக்கலாம். அந்த அளவுகோலில் ‘எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறதே’ என்ற ஒரு நீதிபதியின் தயக்கத்துக்குக் கூட மதிப்பில்லை. உள்ளுறுதியைச் சட்டத்தில் ஏற்றியவர்கள் கூடவே உள்ளத் தயக்கத்தையும் ஏற்றினார்கள். வெற்றுச் சீட்டு குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் போவது அதனால்தான். இந்த முறையின் மிக நல்ல அம்சம் இதுதான் என்பது என் எண்ணம்.

இதன் குறையோ எரிந்துபோன சீட்டுகளில் இருக்கிறது. 2004-இல் வட பிரான்சின் ஊத்ரோ ஊர்ச் சிறார் வன்கொடுமை வழக்கில் 17 பேர் நிறுத்தப்பட்டு, 10 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 6 பேர் மேல்முறையீடு செய்தார்கள். 2005 டிசம்பரில், முக்கியக் குற்றச்சாட்டுகளைச் சொன்னவர்களே பின்வாங்கியிருந்த நிலையில், ஆறு பேரும் விடுதலையானார்கள். முதல் ஜூரி எதை நம்பித் தண்டித்தது, எந்த இடத்தில் சறுக்கியது என்று தேடினால் கேள்விகளும் ‘ஆம்’, ‘இல்லை’களும் மட்டுமே கிடைக்கும், காரணம் எழுதும் வழக்கமே அப்போது இல்லை. தவறு நடந்தது தெரிகிறது, தவறின் முகவரி தெரியவில்லை. 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெல்ஜியம் நாட்டு வழக்கொன்றில், தான் ஏன் தண்டிக்கப்பட்டோம் என்பது தண்டிக்கப்பட்டவருக்குப் புரிய வேண்டும் என்றது. 2011-இல் பிரான்சும் அசைஸ் தீர்ப்புகளுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று சட்டம் செய்தது. சுவரில் ஒட்டும் வாசகம் மட்டும் போகவில்லை.

இங்கே அகவாதிகளுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்க மெய்யியலாளர் லாரன்ஸ் பான்ஜோர் 1980-இல் நார்மன் என்ற கற்பனை மனிதரைப் படைத்தார். நார்மனுக்குத் தொலைவில் நடப்பதை அறியும் திறன் உண்டு. அது பிசகுவதே இல்லை. ஆனால் தனக்கு அப்படியொரு திறன் இருப்பதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஒரு நாள் குடியரசுத் தலைவர் நியூயார்க்கில் இருக்கிறார் என்ற எண்ணம் திடீரென வருகிறது, நம்பிவிடுகிறார். அது உண்மையும் கூட. அவர் அப்படி நம்பியது நியாயமா? ஒரு நம்பிக்கையைப் பிறப்பித்த வழி நம்பகமானதாக இருந்தால் போதும் என்று 1979-இல் ஆல்வின் கோல்ட்மன் வகுத்த கொள்கைப்படி பார்த்தால் நியாயம்தான் என்று சொல்ல வேண்டிவரும். பான்ஜோர் இல்லை என்கிறார். நார்மனின் பார்வையில் அது குருட்டு யோகம்.

பான்ஜோர் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அது விடையளிப்பது ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு: நம்பியவர் மீது குறைசொல்லலாமா? நம்பியவரின் சொல்லை வைத்து மற்றவர்கள் ஒரு காரியத்தில் இறங்கலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு அவருடைய உள்ளம்தான் ஆவணம். இரண்டாவதற்கு அந்த உள்ளம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்ற வரலாறு தேவை. அகவாதமும் புறவாதமும் மோதிக்கொள்ளும் இடங்களில் பாதி, இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்தவை என்று நினைக்கிறேன்.

இரண்டு கேள்வியும் ஒன்றாகிவிடும் ஓர் இடம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவை இயலில் காட்சியை நான்காகப் பிரிக்கும்போது, புலன் வழிக் காட்சி, மனத்தின் காட்சி, யோகக் காட்சி ஆகியவற்றோடு தன்வேதனைக் காட்சி என்று ஒன்றையும் தனியாக வைக்கிறார். இன்ப துன்பத்தை உயிர் தானே நேரே அறிவது அது. பல் வலிக்கிறது என்பவரிடம் ‘உறுதியாகத் தெரியுமா?’ என்று எந்த மருத்துவரும் கேட்பதில்லை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றுதான் கேட்பார். இந்த வட்டத்துக்குள் அகவாதம் அசைக்க முடியாதது. வலி எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்று கேட்ட உடனே வட்டம் உடைந்துவிடும். அதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சாட்சிக் கூண்டில் நடப்பது இந்தத் தாண்டல்தான். ‘இவரைப் பார்த்தால் எனக்கு அவர்தான் என்று படுகிறது’ என்பது தன்னைப் பற்றிய செய்தி. அதில் பொய்யில்லாமல் இருக்கலாம். ‘அவர்தான் இவர்’ என்பது உலகத்தைப் பற்றிய செய்தி. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீல் எதிர் பிக்கர்ஸ் வழக்கில், அடையாளம் காட்டலை மதிப்பிட ஐந்து அளவைகள் சொன்னது. சாட்சி காட்டிய உறுதியின் அளவும் அவற்றில் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

1998-இல் கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்ட் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான ஓர் ஆளைக் காட்டிவிட்டு, பிறகு சில புகைப்படங்களைக் கொடுத்து, அவர் யார் என்று எடுக்கச் சொன்னார்கள். அந்த ஆளின் படம் அவற்றில் இல்லவே இல்லை. ஆகவே எடுத்தவர்கள் எல்லாரும் தவறாகத்தான் எடுத்தார்கள். சிலரிடம் மட்டும், நல்லது, சந்தேகத்துக்குரியவரைச் சரியாகக் காட்டிவிட்டீர்கள் என்று போகிற போக்கில் சொன்னார்கள். அப்படிக் கேட்டவர்கள், படத்தை எடுத்த நேரத்திலேயே தாங்கள் மிக உறுதியாக இருந்ததாகச் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை: முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும், கூர்ந்து கவனித்ததாகவும், சட்டென்று முடிவெடுத்ததாகவும் சொன்னார்கள். ஒரு வாய்ப்பேச்சு உறுதியை மட்டும் கூட்டவில்லை. அந்த உறுதிக்கு ஆதாரமாக இருந்திருக்க வேண்டிய நினைவுகளையும் திருத்தி எழுதிவிட்டது. உள்நோக்கிப் பார்த்தால் நியாயம் தெரியும் என்பவர்களுக்கு இதைவிட அடிமடியில் விழும் அடி இருக்க முடியாது. இந்தச் சாட்சி நேர்மையாக உள்நோக்கிப் பார்க்கிறார். அங்கே இருப்பது சற்று முன் வேறொருவர் வைத்துவிட்டுப் போனது.

அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுதலையானவர்களின் வழக்கு ஆவணங்களைப் படித்த சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட், தவறான அடையாளம் காட்டல் நடந்து, விசாரணைப் பதிவும் கிடைத்த 161 வழக்குகளைப் பார்த்தார். அவற்றில் 57 சதவீத வழக்குகளில், தொடக்கத்தில் தங்களுக்கு அவ்வளவு உறுதி இல்லை என்பது சாட்சிகள் வாயாலேயே பதிவாகியிருந்தது. நீதிமன்றத்துக்கு வருவதற்குள் அது முற்றிய உறுதியாகிவிட்டது.

அப்படியானால் உள்ளுறுதியைத் தூக்கி எறிந்துவிடலாமா? இடையில் பலர் அப்படித்தான் சொன்னார்கள். 2017-இல் ஜான் விக்ஸ்டட்டும் அதே வெல்ஸும் சேர்ந்து எழுதிய நீண்ட ஆய்வு அதைத் திருத்தியது. சந்தேகத்துக்குரியவர் ஒருவர் மட்டும் தனித்துத் தெரியாமல், நடத்துகிறவருக்கே அவர் யார் என்று தெரியாமல், முறையாக நடத்தப்பட்ட முதல் அடையாளம் காட்டலில், அந்தக் கணத்திலேயே கேட்டுப் பதிவுசெய்த உறுதிக்கும் உண்மைக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது என்கிறது அது. அங்கே மிக உறுதியாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள்; தயங்கியவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். உள்ளநிலை நல்ல சாட்சி, புதிதாக இருக்கும்போது.

இனி நம்மூர்ச் சட்டத்துக்கு வருவோம். ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872 இந்தியச் சாட்சியச் சட்டம், ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்பதை நீதிமன்றத்தின் மனநிலையைக் கொண்டே வரையறுத்தது: நீதிமன்றம் ஒன்றை நம்ப வேண்டும், அல்லது விவேகமுள்ள ஒருவர் நம்பிச் செயலில் இறங்கும் அளவுக்கு அது நிகழத்தக்கது என்று கருத வேண்டும். பிரெஞ்சு ஜூரியின் உள்ளுறுதியும் இதில் இருக்கிறது, அதைத் தட்டிக்கேட்க ஒரு வெளியாளும் இருக்கிறார். கூடவே தீர்ப்புக்குக் காரணமும் எழுதியாக வேண்டும். 2023-இல் வந்த புதிய சாட்சியச் சட்டமும் இந்த வரையறையைத் தொடவில்லை. நீதிபதியின் மனத்தை இவ்வளவு நிதானத்தோடு கையாளும் சட்டம், சாட்சியின் மனத்தைக் கையாளும்போது தடுமாறுகிறது.

அடையாள அணிவகுப்பு நீதித்துறை நடுவர் முன் நடக்கும், பெரும்பாலும் சிறை வளாகத்திலேயே. ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ளவர்களோடு குற்றம் சாட்டப்பட்டவரைக் கலந்து நிறுத்துவார்கள்; விரும்பினால் அவர் இடம் மாறி நிற்கலாம். சாட்சிகளை ஒவ்வொருவராக அழைப்பார்கள். நிகழ்ச்சிக்கு நெருக்கமான நாளில், காவலர்கள் இல்லாத இடத்தில், சாட்சியின் மனம் அதிகம் கலங்காமல் இருக்கும் நேரம் அது. ஆனால் அது புலனாய்வின் ஒரு கட்டம் மட்டுமே, ஒத்துறுதி தரும் துணைச் சான்று மட்டுமே. நீதிமன்றத்தில் கூண்டில் நிற்பவரைக் காட்டுவதே அடிப்படைச் சாட்சியம் என்பது சட்டநிலை. 2003-இல் மல்கான்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வழக்கு விசாரணைக்கு வரும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும். சாட்சி செய்தித்தாளில் படம் பார்த்திருப்பார். காவல் நிலையத்துக்கு நடந்திருப்பார். கூண்டுக்குள் நிற்பது ஒரே ஆள். அன்று அவர் விரல் நீட்டும் உறுதிக்கு முதல் மரியாதை, அணிவகுப்பு நாளின் முதல் பார்வைக்கு இரண்டாம் மரியாதை. முன்பு அணிவகுப்பே நடக்காத நிலையில் கூண்டு அடையாளத்தை மட்டும் நம்ப நீதிமன்றங்கள் தயங்குவதுண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தயக்கம் நல்லதுதான். வரிசை தலைகீழாக இருப்பது மாறவில்லை.

குறுக்கு விசாரணையின் நியாயம் எனக்குத் தெரியாமலில்லை. வழக்கறிஞர் கேட்டுத் துளைக்காத சொல்லைச் சாட்சியமாக ஏற்பது ஆபத்து. கூண்டு அடையாளத்துக்கு முதலிடம் கொடுத்ததன் நோக்கம் அதுதான். ஆனால் பொய் சொல்பவரைப் பிடிக்கச் செய்த கருவி குறுக்கு விசாரணை. மனமார நம்பித் தவறுபவரிடம் அது வழுக்கிக்கொண்டு போகிறது. சாட்சி நடந்துகொள்ளும் விதத்தை நீதிபதி குறித்துவைக்க 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. நடத்தையைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் வெற்றி சராசரியாக 54 சதவீதம் என்று 2006-இல் உளவியலாளர்கள் பாண்டும் டிபாலோவும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். நாணயம் சுண்டினால் 50. தன் சொல்லைத் தானே நம்புகிறவர் முகத்தில் பிடிக்க எதுவும் இருக்காது.

அணிவகுப்பில் கை நீட்டியவுடன், எவ்வளவு உறுதி என்று சாட்சியிடம் கேட்டு அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவைக்க வேண்டும் என்ற கட்டளை சாட்சியச் சட்டத்தில் இல்லை. ‘அன்று எவ்வளவு உறுதியாக இருந்தீர்கள்?’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பின்னால் கேட்டால், சாட்சி தன் இன்றைய மனத்தைத்தான் புரட்டிப் பார்க்க முடியும். வெல்ஸ் சோதனையில் திருத்தி எழுதப்பட்டது அந்தப் பக்கம்தான். இத்தனைக்கும் கருவி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: அடையாளம் காட்டுபவர் உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவராக இருந்தால், அந்நிகழ்வை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2013-லேயே அந்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஏ பிரிவில் சேர்த்தார்கள். குறைபாடு இல்லாதவர்களின் நினைவு தானே பத்திரமாக இருக்கும் என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும்.