கலியாண வீட்டு இறுவட்டும் ஒரு வெளிப்புற டிரைவும்

வெளிப்புற டிவிடி டிரைவ் வாங்கப் போகிறவர் பெட்டியில் அச்சிட்ட வேகங்களை விட்டுவிட்டு முதலில் கேபிளைப் பார்ப்பது நல்லது. யூஎஸ்பி 2.0 துளை தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லியம்பியர். இறுவட்டு சுழலத் தொடங்கும்போதும் எழுதும்போதும் டிரைவ் அதற்கு மேல் கேட்கும். கிடைக்காவிட்டால் 'டிக், டிக்' என்று சத்தமிட்டு நின்றுவிடும். உள்ளே வட்டே இல்லை என்று கணினி சாதிக்கும். நான் சோதித்த மலிவு டிரைவுக்கு இரு துளைகளில் செருகும் கேபிள் இல்லை, ஒற்றைத் தலைக் கேபிள்தான். மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில் திணறியது, கூடுதல் மின்னோட்டம் தரும் பின்பக்கத்து நீலத் துளையில் செருகியதும் ஒழுங்காக ஓடியது. பழுது என்று முடிவுகட்டிக் கடைக்கு ஓடுமுன் துளையை மாற்றிப் பாருங்கள்.

எங்கள் தேற்றாத்தீவு போன்ற ஊரில் இந்தக் கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறது. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று 2000களில் எடுத்த வீடியோக்கள் விசிடியாகவோ டிவிடியாகவோதான் வீட்டுக்கு வந்தன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நம் அலுமாரி. எழுதும் வட்டில் படம் தங்கியிருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் ஈரமும் அதற்கு ஆகாது. விசிடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பளபளக்கும் படலம் மேற்பக்கத்தில், மெல்லிய பூச்சு ஒன்றின் கீழேயே இருக்கிறது. மணமக்கள் படம் அச்சிட்ட ஸ்டிக்கரை உரித்தால் கலியாணமும் சேர்ந்து உரிந்து வரும். டிவிடியில் அது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாகக் கிடக்கிறது. துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். கீறலுக்குப் பற்பசை பூசும் வைத்தியத்தை மறந்துவிடுங்கள்.

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது அடுத்த கட்டத்தில். வட்டைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கைத் திறந்து, நேரே எம்பி4 ஆக மாற்றப் போகிறார்கள். பாதியில் நிற்கிறது. மென்பொருளைத் திட்டுகிறார்கள். கீறல் விழுந்த வட்டை வாசிப்பதும் வீடியோவை மாற்றுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவைத்தால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் வட்டின் முழுப் படிமத்தை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இம்க்பேர்ன் இதற்குப் போதும். கடைசிப் பதிப்பு 2013இல் வந்ததுதான், ஆனால் இன்னும் வேலை செய்கிறது. டிவிடியை ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்கலாம். விசிடிக்கு பின், கியூ என்ற இரட்டைக் கோப்பு வேண்டும். விசிடியின் வீடியோப் பகுதியில் கூடுதல் இடம் பிடிப்பதற்காகப் பிழைதிருத்தும் அடுக்கு ஒன்றை நீக்கியிருக்கிறார்கள். அதிலுள்ள டேட் கோப்பை இழுத்துக் கொப்பி பண்ணும்போது சின்னக் கீறலுக்கே விண்டோஸ் கைவிரிப்பது அதனால்தான்.

மோசமாக அடிபட்ட டிவிடிக்கு லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்கியூ. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பும். எதை வாசித்தோம் என்று ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும். அந்தக் குறிப்பை வைத்து, அதே வட்டை வேறொரு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிப்பது சாதாரணம். என் மலிவு டிரைவ் இங்கே சுமார்தான். பழைய மேசைக் கணினிக்குள் இருந்த அகன்ற டிரைவ் அதைவிட நன்றாக வாசித்தது. அயலில் அப்படி ஒன்று தூசு பிடித்துக் கிடந்தால் இரவல் வாங்குங்கள்.

டிவிடிப் படிமம் கைக்கு வந்தபின் ஹேண்ட்பிரேக் அருமையான மென்பொருள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இலங்கையில் பழைய கமராக்கள் பால் முறையில், நொடிக்கு 50 அரைப்படங்களாக எடுத்தவை. அவற்றைச் சேர்க்கும் வடிகட்டி இயங்காவிட்டால் ஆலாத்தி எடுக்கும் கைகள் சீப்புப் பல்லாகத் தெரியும்.

திரும்ப டிவிடியாக எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பழைய பிளேயரை விடாத பெரியவர் வீட்டில் இருந்தால் மட்டும். இலவசமான டிவிடிஸ்டைலர் அதற்குப் போதும். எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் எழுதிக் கொடுத்தால் பழைய பிளேயர் முழிக்கும். வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை அமைப்பைத்தான் அது தேடும். வட்டில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 4.37. அதில் 2 மணி நேரத்தை நொடிக்கு 5 மெகாபிட் அளவில் நல்ல தரத்தோடு அடக்கலாம். 4 மணி நேரக் கலியாணத்தை ஒரே வட்டில் திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். இரண்டாகப் பிரியுங்கள்.

கைபேசியில் எடுத்ததைச் சேர்க்கும்போது வேறொரு சிக்கல். "மனே, வாய் முந்திப் போகுது, சத்தம் புறகால வருது" என்றார் பெரியம்மா ஒருவர். கைபேசிகள் நொடிக்கு இத்தனை படம் என்று நிலையாக எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். ஹேண்ட்பிரேக்கில் நிலையான 25 என்று வைத்து ஒருமுறை மாற்றியெடுத்துப் பிறகு டிவிடிஸ்டைலரில் போட்டேன், சரியாக வந்தது.

எழுதும் வேகம் 4 அல்லது 8, அதற்கு மேல் வேண்டாம். எழுதி முடிந்ததும் சரிபார்க்கும் வசதியை அணைக்காதீர்கள். மின்வெட்டு பாதியில் வந்தால் அந்த வட்டு குப்பைக்குத்தான் என்பதால் பற்றரி உள்ள மடிகணினியே உகந்தது; 2022இன் மின்வெட்டுகளைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப வட்டு எழுதுகிறீர்கள் என்றால் என்டிஎஸ்சி முறையைத் தெரிவு செய்ய வேண்டும். அங்குள்ள பல பிளேயர்கள் நம் பால் வட்டுகளைத் தொடாது. அங்கிருந்து வரும் வட்டுகளை நம் பிளேயர்களில் அநேகமானவை ஏற்கும். இதற்கு மெனக்கெடுவதைவிட எம்பி4 கோப்பை இணையத்தில் அனுப்பிவிடலாம். பென் டிரைவில் கொடுப்பதாக இருந்தால், பேட்32 வடிவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பழைய பிளேயரின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் அந்த வடிவத்தை மட்டும் ஏற்கும் என்பதால், படத்தைத் துண்டாக்கி ஏவிஐ கோப்புகளாகக் கொடுங்கள்.