நோய் ஒருவனுக்கு, சோதனை ஒருத்திக்கு: ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பற்றிச் சில குறிப்புகள்

நோய்ப்படுக்கையைக் காதலின் உரைகல்லாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்களுள் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) தனித்து நோக்கத்தக்கது. புற்றுநோய்க்கு ஆளான வேணுவை (முத்துராமன்) அவன் மனைவி சீதா (தேவிகா) அழைத்துவரும் வைத்தியசாலையிலே, சிகிச்சையளிக்க வேண்டியவன் அவளை முன்னர் காதலித்த முரளி (கல்யாண்குமார்). கதை ஏறத்தாழ முழுவதும் அவ்வைத்தியசாலைச் சுவர்களுக்குள்ளேயே நிகழ்கின்றது. நீண்ட வசனங்களையும் மேடைப் பாங்கான காட்சியமைப்பையும் பெரிதும் நம்பியிருந்த அக்காலத் திரையுலகில் இக்கட்டுப்பாடு துணிவுடையது. வின்சென்ட்டின் ஒளிப்பதிவு அறையின் இறுக்கத்தைப் பாத்திரங்களின் மன இறுக்கமாகவே மாற்றிவிடுகின்றது. (நாகேஷின் நகைச்சுவை மட்டும் வேறொரு படத்திலிருந்து வந்தது போலுள்ளது.)

படத்தின் உயிர்நிலை வேணுவின் வேண்டுகோளாகும். மனைவியின் பழைய காதலை அறிந்த அவன், தான் இறப்பின் அவளை மணந்துகொள்ளுமாறு முரளியையே கேட்கின்றான். விதவை மறுமணம் இந்தியாவில் 1856 இலேயே சட்டபூர்வமாக்கப்பட்டது. சீர்திருத்தவாதிகள் அதனை மேடைகளிற் பேசியும் வந்தனர். ஆயின் இங்கு அதனை முன்மொழிபவன் உயிருடனுள்ள கணவன் என்பது கவனிக்கத்தக்கது. அம்மட்டில் ஸ்ரீதர் தம் காலத்தை ஓரடி முந்துகின்றார்.

எனினும் அவ்வேண்டுகோள் சீதாவுக்கு நேர்ந்த பேரவமானமாகவே சித்திரிக்கப்படுகின்றது. அவள் மறுப்பது பிழையன்று. மறுப்பதற்கும் ஏற்பதற்கும் அவளுக்கு உரிமையுண்டு. ஏற்கும் சாத்தியத்தையே படம் அவளுக்கு விட்டுவைக்கவில்லை என்பதே குறை. ஆடவர் இருவரும் தியாகத்தில் ஒருவரையொருவர் விஞ்ச முயல்கின்றனர். அவளோ ஒருவர் மற்றவருக்குக் கையளிக்கும் பொருளாகின்றாள். நோய் வேணுவின் உடலிலே. சோதனையோ சீதாவின் கற்பின் மீது. அவளுக்கு இடப்பட்ட பெயரும் தற்செயலானதன்று.

முடிவையும் இந்நோக்கிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். சத்திரசிகிச்சை வெற்றி பெறுகின்றது; வேணு பிழைக்கின்றான்; முரளி இறந்துபோகின்றான். வைத்தியத்தைவிடக் கதையமைப்புக்கே இம்மரணம் தேவைப்பட்டது எனலாம். வேணு இறந்திருப்பின், சீதா இனி எவ்வாறு வாழ்வாள் என்ற வினாவுக்குப் படம் விடையளித்தாக வேண்டும். முரளி வாழ்ந்திருப்பினோ, நடந்தவை யாவற்றையும் நினைவிற் சுமந்து மூவரும் எவ்வாறு ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குவர் என்பதைக் காட்டவேண்டியிருந்திருக்கும். இவ்விரண்டிலிருந்தும் முரளியின் மரணம் இயக்குநரைத் தப்புவிக்கின்றது.

மறு ஆண்டே ஸ்ரீதர் இதனை மீனாகுமாரியைக் கொண்டு ‘தில் ஏக் மந்திர்’ என ஹிந்தியில் எடுத்தார். அதிலும் கணவன் பிழைக்கின்றான், வைத்தியனே இறக்கின்றான்.