மதமாற்றமும் தமிழ் மறுப்பு நூல்களும் – ஒரு பார்வை

என் பாத்திரக் கடைக்கு வருகிற நம் ஊர்க்காரர்களில் பலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பெயர்ப் பலகையில் 'ஜெயின்' என்று இருக்கிறது. பேச்சோ நல்ல தமிழாக இருக்கிறது. உடனே, "அண்ணாச்சி, நீங்க எப்ப மதம் மாறினீங்க?" என்பார்கள். "நாங்க மாறலை தம்பி. மாறாம மிச்சம் இருக்கிறவங்க" என்று சொல்லிவிட்டு எடை போடப் போய்விடுவேன். வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து ஊர்களில் இன்றும் நயினார் குடும்பங்கள் இருப்பது மும்பைத் தமிழர் பலருக்குத் தெரியாது. ஆனால் தமிழ் நிலத்தில் யாருடைய பாட்டனுக்குப் பாட்டனும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு சமயத்தை விட்டு இன்னொன்றுக்கு வந்தவராக இருக்கலாம். திருநாவுக்கரசரே தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்து சைவத்துக்குத் திரும்பியவர் என்றுதானே பெரியபுராணம் சொல்கிறது?

1998 டிசம்பரில் குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்தில் தேவாலயங்களும் ஜெபக் கூடங்களும் தாக்கப்பட்டன. 1999 ஜனவரியில் அங்கே சென்று பார்த்த பிரதமர் வாஜ்பாய், மதமாற்றம் பற்றி ஒரு தேசிய விவாதம் வேண்டும் என்றார். அதே மாதம் 22ஆம் தேதி இரவு ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், தொழுநோயாளர்களிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியப் பாதிரியார் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு பிள்ளைகளும், தூங்கிக்கொண்டிருந்த வண்டியோடு எரிக்கப்பட்டார்கள். விவாதம் வேண்டும் என்ற பேச்சு ஓய்வதற்குள் தீ முந்திக்கொண்டது.

விவாதம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த விவாதத்தைத் தமிழில் நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாகவே நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய மறுப்பு நூல்களில் எது உரம், எது குறை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கல்லூரியில் தமிழ் பயின்றவன் அல்லன். கடை சாத்திய பிறகு படித்தவன். பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

எதிரியைக் காப்பாற்றிய நூல்

முதலில் எங்கள் வீட்டு நூலிலிருந்தே தொடங்குகிறேன். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி முழுக்க முழுக்க வாத நூல். காளிக்கு இடவிருந்த உயிர்ப்பலியை முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் தடுக்கிறார். அவரை அச்சுறுத்த வருகிற நீலகேசி என்ற பெண் தெய்வம் அவரிடமே அறம் கேட்டு மனம் மாறுகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரோடும் வாதிடுகிறாள். சொல்லப்போனால் இது ஒரு மதமாற்றக் கதை. பிறரை மாற்றப் புறப்பட்டவளின் கதையும்கூட. 'எங்கள் சமயம் யாரையும் மாற்ற முயன்றதில்லை' என்று எந்தப் பழைய சமயத்தாரும் சொல்லிக்கொள்ள முடியாது, நாங்களும் உட்பட.

இந்த நூல் மறுக்க எடுத்துக்கொண்ட பௌத்த நூல் குண்டலகேசி. அது முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன. அதன் கொள்கையைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி நீலகேசியின் வழியாகவும், அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையின் வழியாகவும் வந்ததே. 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இதைப் பதிப்பித்தபோது சமண நூலோடு சேர்ந்து பௌத்த வாதமும் அச்சேறியது. மறுக்க வேண்டும் என்பதற்காகவே எதிரியின் கருத்தை முதலில் ஒழுங்காக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சைவரும் இதே முறையைக் கைக்கொண்டவர்கள்தாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களைச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தை முதலில் வைத்து, தம் மதம் கூறும் சுபக்கத்தை அதன் பின்னரே வைத்தார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மதுரையில் அனல் வாதமும் புனல் வாதமும் நடந்து, தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்று பெரியபுராணம் பாடுகிறது. அது வரலாறா புராணமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த சமணப் பிள்ளைக்கு ஒன்று மட்டும் மறக்காது. வாதத்தின் முடிவில் தண்டனை காத்திருந்தால் அது வாதம் ஆகாது.

தரங்கம்பாடியில் ஒரு மாணவர்

1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மதம் பரப்பவே வந்தவர். அதை மறைத்தவரும் அல்லர். வந்த புதிதில் ஒரு கோயிலின் உருவங்களை உடைத்ததைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் தமிழ் கற்கத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்தார். ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். உள்ளூர்த் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் தந்த பதில்களை ஜெர்மன் மொழியில் ஆக்கி ஹாலே நகருக்கு அனுப்பினார். அந்தப் பதில்களில் தமிழர்கள் கிறிஸ்தவர்களின் குடியையும் மாட்டிறைச்சியையும் கண்டித்ததும் இருக்கிறது. தம்மைக் கண்டிக்கும் கடிதத்தையும் மொழிபெயர்த்து அனுப்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை அவர் எழுதி முடித்தார். ஹாலேயில் இருந்த ஃபிராங்கே அதை அச்சிட மறுத்தார். உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்கவே அன்றி, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நூலைப் பூட்டி வைத்தது இந்துக்கள் அல்லர். அவருடைய சொந்தச் சபையார்தாம். உருவம் உடைத்த கை ஏழு ஆண்டுகளுக்குள் தெய்வங்களின் வரலாற்றை எழுதியது என்றால், இடையில் நடந்தது படிப்பு. அவர் தம் கொள்கையை விடவில்லை. ஆனால் யாரை மறுக்கிறோம் என்று தெரிந்துகொண்டார்.

நாவலரின் சைவதூஷண பரிகாரம்

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தார், அங்கேயே ஆசிரியரானார், பீட்டர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றார். 1847இன் கடைசி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறகு அச்சகம் வைத்தார். பின்னாளில் சிதம்பரத்திலும் பள்ளி கண்டார். பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சகம், எளிய உரைநடை, வினாவிடைப் பாடநூல் என எதிரியின் கருவிகளையே எடுத்து எதிரியோடு நின்றவர் அவர்.

1854இல் வந்த சைவதூஷண பரிகாரத்தின் உரம் எங்கே இருக்கிறது? பாதிரிமார் சைவர்களின் கோயில், தீபம், தூபம், நைவேத்தியம், தீர்த்தம் எல்லாவற்றையும் அஞ்ஞானம் என்று எழுதி வந்தார்கள். நாவலர் அவர்களுடைய வேதத்தையே திறந்தார். பழைய ஏற்பாட்டில் ஆலயம் உண்டு, பலிபீடம் உண்டு, விளக்கு உண்டு, தூபம் உண்டு, திருநாட்களும் உண்டு. உங்கள் தேவனே கட்டளையிட்டதாக நீங்கள் நம்புகிற சடங்குகளுக்கும் எங்கள் சடங்குகளுக்கும் அடிப்படையில் என்ன வேற்றுமை என்று கேட்டார். விவிலியத்தை வரி வரியாகத் தமிழாக்கிய கைக்குத்தான் இந்தக் கேள்வி கிடைக்கும். கேள்விப்பட்டதை வைத்து எழுதிய நூல் அல்ல இது. அதனாலேயே அதற்கு மதிப்பு.

குறையையும் சொல்லிவிட வேண்டும். அக்காலத் துண்டுப் பிரசுரங்களில் இரு தரப்பிலும் ஏளனம் மிகுதி. சிவபெருமானைப் பழித்தவர்களுக்கு விடையாக இயேசுபெருமானைப் பழித்தவர்களும் இருந்தார்கள். கடைத் தெருவில் ஒருவன் தராசைக் குறை சொன்னால் பதிலுக்கு அவன் தராசைக் குறை சொல்வது எளிது. ஆனால் அதனால் நம் தராசு சரியாகிவிடாது.

வாதத்தில் இடம் பெறாதவர்

இந்நூல்களையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு ஒரு குறை உறுத்தியது. பாதிரியார் பேசுகிறார், பண்டிதர் மறுக்கிறார், மாறியவர் எங்கே? அவரை யாரும் கேட்கவில்லை. நாவலர் சாதி ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொண்டவர். கோயிலுக்குள் வர உரிமையில்லாதவன் ஏன் வேறு கோயிலைத் தேடுகிறான் என்ற கேள்விக்கு அவர் நூலில் பரிகாரம் இல்லை. மறுபக்கமும் சுத்தமில்லை. தஞ்சைத் திருச்சபையில் சாதி கூடாது என்று 1833இல் பிஷப் வில்சன் கட்டளையிட்டபோது எதிர்த்தவர்களில் புகழ்பெற்ற கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார இரு கைகள் கொண்ட கத்தோலிக்கக் கோயிலையே கட்டினார்கள். ஞானஸ்நானத் தண்ணீரிலும் சாதி கரையவில்லை.

'சோறும் மருந்தும் பள்ளிக்கூடமும் காட்டி இழுக்கிறார்கள்' என்பது அடிக்கடி சொல்லப்படும் குற்றச்சாட்டு. பசியைப் பயன்படுத்திப் பேரம் பேசுவது தவறுதான், அதில் ஐயமில்லை. ஆனால் சோறு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்ற நான்கையும் நால்வகைத் தானம் என்று வைத்தது எங்கள் சமணம். 'பள்ளி' என்ற சொல்லே துறவிகளின் இருப்பிடத்திலிருந்து கல்விக்கூடத்துக்கு வந்தது என்பார்கள். 1876–78 பஞ்சத்தில் திருநெல்வேலியில் பாதிரிமார் நிவாரணம் கொடுத்தார்கள். மக்கள் கூட்டமாகக் கிறிஸ்தவம் சேர்ந்தார்கள். அதே பஞ்ச காலத்தில் நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார். அவர் எழுதிய மறுப்புகளிலேயே மிகச் சிறந்தது அந்தக் கஞ்சித்தொட்டி என்பது என் தாழ்மையான கருத்து.

இதை நான் வெறும் நூலறிவால் சொல்லவில்லை. என் கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் ஞாயிறுதோறும் ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். பெரிய வாதி போல நான் அவரிடம் நீலகேசியிலிருந்து தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "என் சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவங்க ஏழு பேரு வந்து பார்த்தாங்க முதலாளி. நீங்க கடைப் பையன்கிட்ட பணம் கொடுத்து விட்டீங்க. வரலை." நான் படித்த எந்த நூலிலும் அதற்கு விடை இல்லை.

சட்டமும் நாமும்

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதத்தைப் 'பரப்பும்' உரிமை பற்றிப் பேச்சு வந்தபோது, நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதை ஆதரித்தார். பலர் கிறிஸ்தவம் தழுவியதற்கு அது தந்த சமூக மதிப்பும் ஒரு காரணம் என்பதை அவர் சபைக்கு நினைவூட்டினார். அந்தச் சொல் 25ஆம் பிரிவில் நிலைத்தது. பிறகு 1967இல் ஒடிசாவும் 1968இல் மத்தியப் பிரதேசமும் சட்டம் இயற்றின. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவந்த தடை 2004இல் விலக்கப்பட்டது. 2020க்குப் பின் உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் மேலும் கடுமையான சட்டங்கள் கொண்டுவந்திருக்கின்றன.

வற்புறுத்தலையும் மோசடியையும் தடுக்கச் சட்டம் வேண்டியதே. ஆனால் ஒரு மனிதன் ஏன் போகிறான் என்பதை எந்தச் சட்டமும் நமக்குச் சொல்லாது. அவன் போய்ச் சேரும் நூலில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சைவர், வைணவர், கிறிஸ்தவர், இஸ்லாமியர், சமணர் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம். இங்கே சண்டை வந்தால் போய் உட்கார வேறு பந்தி கிடையாது. ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். சங்க நூலகத்தில் நீலகேசி, சிவஞான சித்தியார், சைவதூஷண பரிகாரம், விவிலியம் ஆகியவற்றை ஒரே அலமாரியில் வைக்க வேண்டும். வாங்கும் செலவு என்னுடையது. நம் மாதக் கூட்டத்தில் பிறர் சமயத்தை விமர்சிக்க விரும்புகிறவர், அச்சமயத்தார் 'ஆம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் அதை எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகே விமர்சனத்தைத் தொடங்க வேண்டும். பரபக்கம் முன்னே, சுபக்கம் பின்னே. இது நம் பழைய முறைதான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது சங்கத்துக்கு அல்ல, எனக்கு நானே சொல்லிக்கொள்வது. யார் வீட்டிலாவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கடையைப் பூட்டிவிட்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.