அசலா போலியா என்பது பாதிக் கேள்விதான்

போன மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸாப்பில் ரெண்டு படம் அனுப்பி, "பாத்துட்டு சொல்லுங்க, ஒரிஜினலா?" என்று கேட்டிருந்தார். ஏதென்ஸின் ஆந்தை நாணயம், நான்கு திராக்மா மதிப்புள்ளது. ஒரு பக்கம் தலைக்கவசத்தோடு அதீனா. மறுபக்கம் ஆந்தை, ஒலிவ இலைகள், சின்னப் பிறை, மூன்று கிரேக்க எழுத்துகள். "எங்கேருந்து வந்தது?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு? காச மட்டும் பாத்து சொல்லுங்களேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் படித்த சேகரிப்பாளர் கையேடுகளும் இப்படித்தான் யோசிக்கின்றன. எடை, விளிம்பு, பாணி என்று பக்கம் பக்கமாகப் போகும். நாணயம் எங்கே கிடைத்தது என்பது கடைசியில், சட்டச் சிக்கல் என்ற தலைப்பில் ஒரு பத்தியாக வரும். அசலா என்பது அறிவு சார்ந்த கேள்வி, வந்த வழி ஒழுக்கம் சார்ந்த கேள்வி, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது இதற்குள் இருக்கும் நம்பிக்கை. முன்பு நானும் அப்படித்தான் நம்பினேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

கையேடுகள் சொல்லும் சோதனைகள் வீண் என்று சொல்ல வரவில்லை. ஆந்தை நாணயத்தின் எடை சுமார் 17.2 கிராம். நல்ல நிலையில் இருப்பது 15 கிராம்தான் என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். வார்த்துச் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியலாம், மேற்பரப்பில் காற்றுக்குமிழிப் புள்ளிகள் இருக்கலாம், எழுத்துகள் கரைந்த சோப்பு போல மழுங்கியிருக்கும். பாணியும் உதவும். கிமு 5ஆம் நூற்றாண்டு ஆந்தைகளில் அதீனாவின் முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் மட்டும் நம்மை நேரே பார்க்கும். பக்கவாட்டுக் கண் 4ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. மலிவான போலிகளில் நிறைய இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் 'அசல்' என்றால் என்ன? ஏதென்ஸ்காரர்களுக்கே இந்தத் தலைவலி இருந்தது. கிமு 375/374இல் அவர்கள் போட்ட சட்டம் ஒன்று கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. நாணயத்தைச் சோதிக்க அரசு அடிமை ஒருவன் சந்தையில் காசு மாற்றுபவர்களின் மேசைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். உட்காராவிட்டால் 50 கசையடி. உள்ளே வெண்கலமோ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டிவிட வேண்டும். அயலூரில் அடித்த, ஏதென்ஸ் முத்திரையே கொண்ட நல்ல வெள்ளி என்றால் கொண்டுவந்தவனிடமே திருப்பித் தர வேண்டும். அவன் பார்த்தது வெள்ளியையும் முத்திரையையும்தான். அவன் திருப்பிக் கொடுத்த அயலூர் ஆந்தை இன்று நமக்குப் பழங்காசு, ஆனால் ஏதென்ஸ் காசு இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பெலொப்பொனேசியப் போரின் கடைசி வருடங்களில் கையில் வெள்ளி இல்லாமல் ஏதென்ஸ் அரசே செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய நாணயத்தை வெளியிட்டது. அதைப் போலி என்பதா?

சரி, பழசா புதுசா என்றாவது உலோகத்தை வைத்துச் சொல்ல முடியுமா? இங்கேதான் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) வருகிறார். ஜெர்மனிக்காரர், கைதேர்ந்த போலி நாணயக்காரர். தானே அச்சு செதுக்கி, மலிவான உண்மையான பழங்காசுகளை எடுத்து அவற்றின்மேலேயே அரிய நாணயங்களின் முத்திரையை அடித்தார். உலோகச் சோதனை அங்கே என்ன செய்யும்? வெள்ளி பழைய வெள்ளியேதான். புதுப் பளபளப்பு போக, இரும்புத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் நிரப்பிய பெட்டியில் போட்டு, குதிரைவண்டியின் அடியில் கட்டி ஊர் சுற்றுவாராம்.

2012 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அங்கே ஒரு நாணயக் கண்காட்சியில், கை அறுவை மருத்துவரும் அனுபவமிக்க சேகரிப்பாளருமான ஒருவர் கைது செய்யப்பட்டார். சிசிலியில் அண்மையில் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தவை என்று நம்பி, லட்சக்கணக்கான டாலர் மதிப்பில் கிரேக்க வெள்ளி நாணயங்களை விற்கப் பார்த்தார். அவற்றில் அக்ரகாஸ் நகரத்தின் பத்து திராக்மா நாணயமும் ஒன்று. வழக்குக்காக மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அவை போலி என்று தெரிந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூலம் தெரியாத நாணய வியாபாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுது என்பது தண்டனையின் ஒரு பகுதி.

அவர் கத்துக்குட்டி இல்லை. எடையும் விளிம்பும் பாணியும் தெரிந்தவர்தான். பிறகு எப்படி ஏமாந்தார்? 'இப்போதுதான் தோண்டியது' என்ற கதை அவருக்குச் சான்றிதழாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். திருட்டுக்காசு என்றால் எங்கே, யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். போலி செய்பவருக்கு வேண்டியதும் அதேதான். கொள்ளையை மூடும் திரை போலியையும் மூடுகிறது. அதனால்தான் வந்த வழியை ஒழுக்கக் கேள்வி என்று ஒதுக்கினால் அறிவுக் கேள்விக்கும் பதில் கிடைக்காமல் போகிறது.

பழைய சேகரிப்பில் இருந்தது என்று ரசீது இருந்தால் போதாதா என்று கேட்கலாம். பெக்கரின் காசுகளுக்கு இன்று 200 வருட சேகரிப்பு வரலாறு இருக்கிறதே! ரசீது உரிமையைச் சொல்லும், பிறப்பைச் சொல்லாது. அகழாய்வில், எந்த மண்ணடுக்கில், எந்தக் காசுகளோடு கிடைத்தது என்ற பதிவுக்கு ஈடு எதுவும் இல்லை. இன்று நாம் பாணியை ஒப்பிடும் அளவுகோலையே அப்படிப்பட்ட புதையல் பதிவுகள்தான் தாங்கி நிற்கின்றன. சந்தைக் காசுகளை மட்டும் வைத்துப் பாணியைக் கற்றால், போலியை வைத்தே போலியைச் சோதிக்கும் நிலை வந்துவிடும்.

நண்பருக்கு இப்படிப் பதில் போட்டேன்: "எடை எவ்வளவுன்னு பாருங்க, விளிம்பை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்க. போலின்னா ஒருவேளை சொல்லிடுவேன். அசல்னு மட்டும் என்னால சொல்ல முடியாது." ரெண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.