மேற்கோள் மரபும் மாறிவரும் விதிகளும்

மன்றத்தின் மலருக்கு மேற்கோள் நெறிகளைப் பற்றி எழுத வேண்டுமென்று தலைவர் ஐயா பணித்தார்கள். அவர்கள் சொல்லைத் தட்டும் வழக்கம் எனக்கில்லை.

நம் மேற்கோள் வழிகளை உறுப்பினர்கள் அறிவார்கள். உ.வே.சா. வழியினர், உரையாசிரியர் காட்டும் மேற்கோள் எந்த நூலில் எங்கே வருகிறது என்று தேடிக் காட்டியவர்கள். இடம் விளங்காதவற்றை விளங்காதவை என்றே தொகுத்து வைத்தார்கள். வையாபுரிப் பிள்ளை வழியினருக்குக் காலமும் பாடபேதமுமே முதன்மை. 1940இல் வந்த சங்க இலக்கியச் சமாஜப் பதிப்பை இன்றும் கையிலெடுப்போர் அந்த உழைப்பை உணர்வார்கள். பின்னால் வந்தது பல்கலைக்கழகங்களின் அடிக்குறிப்பு வழி, ‘மேலது’, ‘மு.நூ.’ என்பவை அதன் அடையாளங்கள்.

எங்கள் ஆசிரியர் ஐயா இம்மூன்று வழிகளையும் இணைத்தவர். தொல்காப்பிய நூற்பா எண்ணை மட்டும் எழுதிச் சென்றால் ஏற்கமாட்டார், “யார் உரைப்படி?” என்பார். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் சில இடங்களில் நூற்பாவைப் பிரிக்கும் முறை வேறு. அதனால் எண்ணும் மாறும். பழைய பதிப்பில் ‘சர்வசித்து வருடம்’ என்று மட்டும் இருந்தால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது எந்தச் சர்வசித்து என்பதை முகவுரையைப் படித்துத் தெளிந்த பிறகே ஆங்கில ஆண்டை எழுத விடுவார். மேற்கோள் காட்டும் நூல் மேசைமேல் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முதல் விதி.

இன்றைய ஆய்வாளர் படும் பாட்டையும் மறுப்பதற்கில்லை. 2009இல் எம்.எல்.ஏ. மேற்கோள் கையேட்டின் ஏழாம் பதிப்பு, ஒவ்வொரு நூலுக்கும் அது அச்சு நூலா இணையப் பிரதியா என்று குறிக்கச் சொன்னது. 2016இல் எட்டாம் பதிப்பு அதை நீக்கியது. அதே பதிப்பு, பொதுவாக நூல் வெளியான ஊரும் வேண்டாம் என்றது. 2019இல் ஏ.பி.ஏ. கையேட்டின் ஏழாம் பதிப்பும், 2024இல் சிகாகோ கையேட்டின் பதினெட்டாம் பதிப்பும் ஊரை விட்டுவிட்டன. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போது இருந்த விதி, ஆய்வேட்டைக் கொடுக்கும்போது இருப்பதில்லை.

விதி மாறட்டும், கற்றுக்கொள்ளலாம். ஆனால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நூல் வெவ்வேறு பதிப்பாக வந்த மொழி நம்முடையது. நமக்கு ஊர்ப்பெயர் அலங்காரமன்று, ஆதாரம். முதலெழுத்தில் தந்தை பெயரைத் தாங்கும் நம்மைக் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் அடைக்கும் முறையும் பொருந்தவில்லை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. எவரையும் குறித்துச் சொல்லவில்லை. இளையவர்களில் உழைப்பாளிகள் பலர் இருக்கிறார்கள். ஆயினும், மூலநூலைத் திறந்தும் பாராமல் இன்னொருவர் அடிக்குறிப்பைப் பெயர்த்தெழுதும் வழக்கம் பெருகிவிட்டது. மென்பொருள் அடுக்கித் தரும் பட்டியலில் காற்புள்ளி பிசகுவதில்லை. பக்க எண்தான் பொய். ஒருவர் விட்ட பிழை பத்து ஆய்வேடுகளில் உண்மையாகிவிடுகிறது. இது தொடர்ந்தால் தமிழாய்வு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது; ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் உழைப்பு அத்தனையும் வீண்.

ஆகவே மன்றத்துக்கு என் வேண்டுகோள்: பதிப்பு, ஊர், உரையாசிரியர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழ் நூல்களுக்கு எவ்வாறு குறிப்பது என்பதற்கு ஒரு கையேடு வெளியிடுங்கள். உலக விதிகள் மாறும்போது அதையும் திருத்தி வாருங்கள். இளைய ஆய்வாளர்களே, எந்த விதியைப் பின்பற்றினாலும் மூலநூலைத் திறந்து பார்த்த பிறகே எழுதுங்கள்.